மோனோமரைப் பார்த்தே பாலிமரை எழுதுவது எப்படி: மனப்பாட அட்டவணை இல்லாத வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் பாலிமர் பாடம் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, இடப்பக்கம் பாலிமரின் (நீண்ட சங்கிலி மூலக்கூறின்) பெயர், வலப்பக்கம் அது கட்டப்படும் சிறு மூலக்கூறான மோனோமரின் பெயர் என்று அட்டவணை போட்டு உருப்போடுவது. தேர்வு நெருங்கும்போது டெரிலீனும் நைலானும் தலைக்குள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அந்த அட்டவணையில் முக்கால்வாசியை மனப்பாடமே செய்யாமல் எழுதிவிடலாம். மோனோமரின் அமைப்பை எடுத்துவைத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். மற்ற மூலக்கூறுகளோடு பிணைய அதற்கு எத்தனை இடம் இருக்கிறது? பிணையும்போது ஏதாவது கழன்று வெளியேறுகிறதா?

பாடநூல் பலபடி, ஒற்றைப்படி என்று எழுதும். வகுப்பில் பேசும்போது பாலிமர், மோனோமர் என்றுதானே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பிணையும் இடங்களை எண்ணுங்கள்

எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சில துளி அடர் கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் எத்தில் அசிட்டேட் வரும். பழ வாசனை அடிக்கும். எத்தனாலிடம் இருந்தது ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அமிலத்திடம் இருந்தது ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதி. இரண்டும் பிணைந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியதும் இருபக்கமும் வேறு இடம் மிச்சமில்லை. வினை அங்கேயே நின்றுவிடும்.

இப்போது எத்தனாலுக்குப் பதில் எத்திலீன் கிளைக்காலையும், அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் டெரிப்தாலிக் அமிலத்தையும் எடுங்கள். முதலாவதில் இரண்டு ஹைட்ராக்சில், இரண்டாவதில் இரண்டு கார்பாக்சில். ஒரு முனை பிணைந்தாலும் இன்னொரு முனை அடுத்ததற்குத் தயாராக இருக்கிறது. அதே எஸ்டர் வினைதான், ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இதுதான் டெரிலீன், தண்ணீர் பாட்டிலில் பெட் என்று அழைக்கப்படும் அதே பாலியெஸ்டர்.

ஆக, ஒரு இடம் இருந்தால் வினை முடிந்துவிடும். இரண்டு இடம் இருந்தால் சங்கிலி வரும். மூன்று இடம் இருந்தால் சங்கிலிகள் பக்கவாட்டிலும் பிணைந்து வலையாகும். பேக்கலைட் ஏன் உருகுவதில்லை என்பதற்கு விடை இந்த மூன்றாவது வகையில் இருக்கிறது, பின்னால் வருவோம்.

சரி, எத்தீனில் ஹைட்ராக்சிலும் இல்லை, கார்பாக்சிலும் இல்லையே, அதில் எங்கே இரண்டு இடம்? இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, இன்னொன்று பை. பை பிணைப்பு திறந்தால் இரண்டு கார்பனுக்கும் ஆளுக்கொரு எலக்ட்ரான் கிடைக்கும். ஆகவே ஒரு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை இரண்டு இடம் என்று எண்ணுங்கள்.

சேர்ப்புப் பாலிமராக்கல்: எதுவும் வெளியேறாத வகை

எத்தீன் வாயுவைச் சும்மா பாத்திரத்தில் வைத்தால் அது எத்தீனாகவே இருக்கும். பை பிணைப்பைத் திறக்க ஒருவர் தொடங்கி வைக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் அந்த வேலை பென்சாயில் பெராக்சைடுடையது. இதன் நடுவில் ஆக்சிஜனும் ஆக்சிஜனும் பிணைந்திருக்கும் இடம் பலவீனமானது. சூடாக்கினால் அங்கேதான் சரிபாதியாக உடையும். ஒவ்வொரு பாதியும் கார்பன் டைஆக்சைடை இழந்து, இணையில்லாத ஓர் எலக்ட்ரான் கொண்ட பீனைல் தனி உறுப்பாக மாறும்.

அந்தத் தனி உறுப்பு ஓர் எத்தீன் மூலக்கூறைத் தாக்குகிறது. பை பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்று தனி உறுப்போடு புதுப் பிணைப்பு போடும். மற்றொன்று அடுத்த கார்பனில் தனியாக நிற்கும். இணையில்லா எலக்ட்ரான் காணாமல் போகவில்லை, முன்பைவிட இரண்டு கார்பன் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த முனை அடுத்த எத்தீனைத் தாக்கும், அப்புறம் அதற்கு அடுத்ததை. தொடங்குதல், வளர்தல் என்று பாடநூல் பிரிக்கும் இரண்டு படிகளும் உண்மையில் ஒரே செயல்தான், முதல் தடவை தாக்குவது வேறு ஆள் என்பதே வித்தியாசம். இரண்டு வளரும் முனைகள் ஒன்றையொன்று சந்தித்து எலக்ட்ரான்களை இணையாக்கிக்கொண்டால் வளர்ச்சி முடிவுக்கு வரும்.

ஏன் இந்த வினை முன்னோக்கியே போகிறது என்று மாணவர்கள் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு பை பிணைப்பு போய் ஒரு சிக்மா பிணைப்பு வருகிறது. சிக்மா வலிமையானது. அதனால் ஒரு மோல் எத்தீன் சங்கிலியில் சேரும்போது ஏறத்தாழ 90 முதல் 100 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. தொழிற்சாலையில் பெரிய தலைவலியே அந்த வெப்பத்தை வெளியே எடுப்பதுதான்.

பாலித்தீன் முதலில் கிடைத்ததே எதிர்பாராமல். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில், இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்தீனையும் பென்சால்டிஹைடையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வினைப்படுத்திப் பார்த்தார்கள். நினைத்த சேர்மம் வரவில்லை, வெள்ளை மெழுகு போல ஏதோ ஒட்டியிருந்தது. திரும்பச் செய்தால் ஒழுங்காக வரவும் இல்லை. தற்செயலாகக் கலந்த சிறிதளவு ஆக்சிஜன்தான் பெராக்சைடின் வேலையைச் செய்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. 1935 இறுதியில் மைக்கேல் பெரின் அதை நம்பகமாகச் செய்துகாட்டினார்.

எதுவும் வெளியேறாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று டெஃப்லான் கதையில் இருக்கிறது. 1938 ஏப்ரலில் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் டெட்ராஃபுளூரோஎத்தீன் வாயு நிரப்பிய உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். மோனோமர் முழுவதும் உள்ளேயே பாலிமராகிவிட்டிருந்தது, எடை அப்படியே. சேர்ப்புப் பாலிமரில் அலகின், அதாவது சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டின், நிறை மோனோமரின் நிறைக்குச் சமம் என்ற விதி இதுதான்.

தொடங்கி வைப்பது எப்போதும் தனி உறுப்பாக இருக்க வேண்டியதில்லை. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளில் இருப்பது சயனோஅக்ரைலேட் மோனோமர். விரலிலும் உடைந்த பொருளின் பரப்பிலும் இருக்கும் ஈரமே அதைத் தொடங்கிவைக்கப் போதும், இது எதிர்மின் அயனி வழியாக நடக்கும் பாலிமராக்கல். விரல் ஒட்டிக்கொள்வதும் அதே காரணத்தால்தான்.

வரையும் முறை

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். மோனோமரில் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இரண்டு கார்பனை மட்டும் நேர்க்கோட்டில் வையுங்கள். மற்றவை எல்லாம் அவற்றின் மேலேயோ கீழேயோ தொங்கட்டும். இரட்டைக் கோட்டை ஒற்றைக் கோடாக்குங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு வெளியே நீட்டி, அடைப்புக்குறி அந்தக் கோடுகளை வெட்டும்படி போடுங்கள். வலப்புறக் கீழ் மூலையில் எண்ணிக்கையைக் குறிக்கும் எழுத்து.

புரோப்பீனை இப்படி வரையாதவர்கள் மூன்று கார்பனையும் வரிசையாக முதன்மைச் சங்கிலியில் வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது கார்பன், அதாவது மெத்தில் தொகுதி, பக்கத்தில்தான் தொங்க வேண்டும். வினைல் குளோரைடில் குளோரின் தொங்கும், ஸ்டைரீனில் பென்சீன் வளையம் தொங்கும், அக்ரிலோநைட்ரைலில் சயனைடு தொகுதி தொங்கும். முதன்மைச் சங்கிலி எல்லாவற்றிலும் ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டால் பிவிசி, பாலிஸ்டைரீன், ஆர்லான் மூன்றும் தனித்தனிப் பாலிமர்களாகவே தோன்றாது.

பாலிமராகும் அளவைக் கணக்கிடச் சொன்னால் சங்கிலியின் நிறையை அலகின் நிறையால் வகுங்கள். வினைல் குளோரைடின் நிறை 62.5. சராசரி நிறை 62,500 உள்ள பிவிசியில் ஒரு சங்கிலிக்கு 1000 அலகு. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். வளர்ச்சி எந்தச் சங்கிலியில் எப்போது நிற்கும் என்பது தற்செயல், எனவே ஒரே பிடி பிவிசித் தூளில் நீளமான சங்கிலியும் குட்டையானதும் கலந்தே இருக்கும்.

ஒரே எத்தீன், இரண்டு பாலித்தீன்

ஆயிரம் முதல் இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்தில், 350 முதல் 570 கெல்வின் வெப்பநிலையில், சிறிதளவு ஆக்சிஜன் அல்லது பெராக்சைடோடு செய்தால் குறை அடர்த்தி பாலித்தீன். சீக்லர்–நாட்டா வினைவேகமாற்றியோடு, அதாவது டைட்டானியம் டெட்ராகுளோரைடும் ட்ரைஎத்தில் அலுமினியமும், 6 முதல் 7 வளிமண்டல அழுத்தத்தில் 333 முதல் 343 கெல்வினில் செய்தால் உயர் அடர்த்தி பாலித்தீன். இந்த எண்களை மட்டும் வேறு வழியில்லாமல் நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

காரணம் சுவையானது. தனி உறுப்பு வழியில் வளரும் முனை சில சமயம் பின்னால் வளைந்து, தன் சொந்தச் சங்கிலியில் சில கார்பன் தள்ளியிருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது. இணையில்லா எலக்ட்ரான் இப்போது சங்கிலியின் நடுவில். வளர்ச்சி அங்கிருந்து தொடரும்போது விட்டுப்போன வால் கிளையாகிவிடுகிறது. கிளை இருக்கும் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது, அடர்த்தி குறையும், பொருள் மெத்தென்று வளையும். சீக்லர்–நாட்டாவில் ஒவ்வொரு எத்தீனும் டைட்டானியம் இருக்கும் இடத்தில் வந்து நுழைகிறது, வளைந்து பறிக்க வாய்ப்பில்லை. கார்ல் சீக்லருக்கும் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரப்பர்: இரட்டைப் பிணைப்பு இடம் மாறும் வகை

ஐசோபிரீனில் நான்கு கார்பன் வரிசையாக, முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் இரட்டைப் பிணைப்பு, இரண்டாம் கார்பனில் ஒரு மெத்தில். நான்கு இடம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டு முனைக் கார்பன்கள் மட்டும் வெளியே பிணைய, உள்ளே மிச்சமாகும் இரண்டு எலக்ட்ரான்கள் நடுவில் ஒரு புது இரட்டைப் பிணைப்பைப் போட்டுக்கொள்கின்றன. ஆகவே ரப்பரின் அலகில் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அதை மறந்து ஒற்றைக் கோடு போட்டால் விடை தவறு.

அந்த இரட்டைப் பிணைப்பு ஒருபக்க அமைப்பில் (சங்கிலி இருபுறமும் அதன் ஒரே பக்கத்தில் தொடரும் அமைப்பு) இருந்தால் சங்கிலி சுருண்டு நெகிழும், அது இயற்கை ரப்பர். மறுபக்க அமைப்பில் இருந்தால் கட்டியான கட்டாபெர்ச்சா. 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கிக் கண்டறிந்த வல்கனைசிங்கிலும் அந்த இரட்டைப் பிணைப்புக்குத்தான் வேலை. அதை ஒட்டிய வினைபடு இடங்களில் கந்தகம் இரண்டு சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டி, பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் ஊற்றியதும் பாலிமராக்கல் நடக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், இல்லை. சங்கிலிகளை மரமே நொதிகளைக் கொண்டு ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டது. பாலில் மிதக்கும் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி வைத்திருக்கும் மின்சுமையை அமிலம் நீக்குகிறது, துகள்கள் திரளுகின்றன. அது உறைதல் மட்டுமே.

குறுக்கப் பாலிமராக்கல்: கணக்கைச் சரிபார்க்கும் வகை

பிணையும்போது நீர் போன்ற சிறு மூலக்கூறு கழன்று வெளியேறும் வகை இது. நைலான் 6,6-ஐ எடுத்துக்கொள்வோம். டூபாண்டில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935 பிப்ரவரியில் முதலில் தயாரித்தது. மோனோமர்கள் ஹெக்ஸாமெத்திலீன் டைஅமீனும் அடிப்பிக் அமிலமும். இரண்டிலும் ஆறு ஆறு கார்பன், பெயரில் இருக்கும் 6,6 அதுதான். டைஅமீனின் நிறை 116, அமிலத்தின் நிறை 146, கூட்டினால் 262. முதல் அமைடு பிணைப்பில் அமிலத்திடமிருந்து ஹைட்ராக்சில், அமீனிடமிருந்து ஹைட்ரஜன், சேர்ந்து நீராக 18 போகும். ஆனால் அலகின் நிறை 244 அல்ல, 226. ஏனெனில் அந்த அலகு அடுத்த அலகோடு பிணையும்போது இன்னொரு நீர் போகிறது. ஓர் அலகுக்கு இரண்டு நீர்.

நூறு டைஅமீனும் நூறு அமிலமும் சேர்ந்து ஒரே சங்கிலியானால் எத்தனை நீர் வெளியேறும்? மொத்தம் 200 மூலக்கூறு, அவற்றை இணைக்க 199 பிணைப்பு, ஆகவே 199 நீர். 200 என்று எழுதினால் சங்கிலியின் இரண்டு முனைகளை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

சேர்ப்பு வகையோடு ஒப்பிட்டால் இங்கே வளர்ச்சியின் போக்கே வேறு. எத்தீனில் ஒரு சங்கிலி தொடங்கியதும் சட்டென்று நீண்டுவிடும், பக்கத்தில் வினைபடாத எத்தீன் நிறைய இருந்துகொண்டே இருக்கும். நைலானில் எல்லா முனைகளும் எல்லா முனைகளோடும் வினைபடும். முதலில் இரட்டைகள், பிறகு மூன்று நான்கு சேர்ந்தவை, கடைசியில்தான் நீளமான சங்கிலிகள். கரோதர்ஸ் இதைச் சமன்பாடாகவே எழுதினார். வினையில் எவ்வளவு பங்கு மிச்சமோ, அதன் தலைகீழ்தான் சங்கிலியின் சராசரி நீளம். பாதி வினை முடிந்தால் நீளம் 2. தொண்ணூறு சதவீதம் முடிந்தால் 10. தொண்ணூற்றொன்பது முடிந்தால் 100. சாதாரண கரிம வினையில் 90 சதவீதம் வந்தால் கொண்டாடுவார்கள். நைலானில் அது இழையாக இழுக்கவே உதவாது.

அதனால் இரண்டு மோனோமரும் மோலுக்கு மோல் சரியாக இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் எல்லா முனையும் அதுவாகவே ஆகிவிடும், பிணைய எதிராளி இருக்காது. தொழிற்சாலையில் முதலில் இரண்டையும் கலந்து நைலான் உப்பு என்ற படிகமாக எடுக்கிறார்கள். உப்பில் விகிதம் தானாகவே ஒன்றுக்கு ஒன்று. பிறகுதான் அழுத்தத்தில் சூடாக்கி நீரை வெளியேற்றுவது.

பள்ளியில் செய்துகாட்ட ஏற்றது நைலான் கயிறு சோதனை. டூபாண்டின் பால் மார்கனும் ஸ்டெஃபனி குவாலெக்கும் 1959-ல் வேதியியல் ஆசிரியர்களுக்கான இதழில் இதை வெளியிட்டார்கள். டைஅமீனையும் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடையும் நீரில் கரைத்து பீக்கரில் ஊற்றுங்கள். அதன் மேல் ஹெக்சேனில் கரைத்த அடிப்பாயில் குளோரைடை, சுவர் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். ஹெக்சேன் இலேசானது, மேலே நிற்கும். இரண்டு அடுக்கும் தொடும் இடத்தில் மெல்லிய படலம் தோன்றும். அதை இடுக்கியால் பிடித்து இழுத்துக் கண்ணாடித் தண்டில் சுற்றினால் கயிறு வந்துகொண்டே இருக்கும். இங்கே வெளியேறுவது நீர் அல்ல, ஹைட்ரஜன் குளோரைடு. அதை நடுநிலையாக்கவே சோடியம் ஹைட்ராக்சைடு. அமிலக் குளோரைடின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், எனவே ஆசிரியர் முன்னிலையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கயிற்றுக்குள் கரைசல் சிக்கியிருக்கும், கழுவாமல் தொடக்கூடாது.

மூன்று இடம் இருந்தால்

பீனாலின் வளையத்தில் ஹைட்ராக்சிலுக்கு இருபக்கத்திலும் எதிரிலுமாக மூன்று வினைபடு இடங்கள். பார்மால்டிஹைடு ஒரு கார்பன் பாலமாக இரண்டு வளையங்களை இணைக்கும், நீர் வெளியேறும். இரண்டு இடம் மட்டும் பயன்பட்டால் நோவலாக் என்ற நீள்சங்கிலி, இது இன்னும் உருகும். மேலும் பார்மால்டிஹைடு சேர்த்துச் சூடாக்கினால் மூன்றாவது இடமும் பிணைந்து பேக்கலைட். லியோ பேக்கலண்ட் 1907-ல் கண்டறிந்தது. குக்கர் கைப்பிடி அடுப்பருகே இளகாமல் இருப்பதற்குக் காரணம், தனித்தனியாக நழுவுவதற்கு அதில் சங்கிலிகளே இல்லை. மொத்தமும் ஒரே வலை.

பின்னோக்கிப் படிப்பது

பாலிமரைக் கொடுத்து மோனோமரைக் கேட்டால் முதன்மைச் சங்கிலியில் விரலை வைத்து நகர்த்துங்கள். கார்பன் மட்டுமே வந்தால் சேர்ப்பு வகை. இரண்டிரண்டு கார்பனாக வெட்டி, நடுவில் இரட்டைப் பிணைப்பு போடுங்கள். வழியில் ஓர் இரட்டைப் பிணைப்பு தென்பட்டால் அதை நடுவில் வைத்து நான்கு கார்பனாக வெட்டுங்கள், அது டையீன், அதாவது ஐசோபிரீன் போல இரண்டு இரட்டைப் பிணைப்பு கொண்ட மோனோமர். பியூனா–எஸ் என்ற செயற்கை ரப்பரை இப்படி வெட்டினால் பியூட்டாடையீனும் ஸ்டைரீனும் தானாகப் பிரிந்து வரும்.

விரல் ஆக்சிஜனிலோ நைட்ரஜனிலோ இடித்தால், பக்கத்தில் கார்போனைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எஸ்டர் அல்லது அமைடு பிணைப்பை வெட்டி, கார்போனைல் பக்கம் ஹைட்ராக்சிலும் மறுபக்கம் ஹைட்ரஜனும் சேருங்கள்.

இந்த முறைக்கு அடங்காத சிலவும் உண்டு. நைலான் 6 அமைடு பிணைப்பு கொண்டது, ஆனால் கேப்ரோலாக்டம் என்ற வளையம் திறந்து சேர்வதால் தயாரிக்கப்படுகிறது. மோனோமரின் நிறை 113, அலகின் நிறையும் 113, மொத்தத்தில் எதுவும் வெளியேறவில்லை. பாலியூரித்தேன் இரண்டு வெவ்வேறு மோனோமர்கள் படிப்படியாகச் சேர்ந்து வளர்வது, அங்கேயும் எதுவும் வெளியேறுவதில்லை. சேர்ப்பு, குறுக்கம் என்ற பள்ளிப் பிரிவினை எல்லாவற்றையும் மூடாது. கல்லூரியில் வளரும் விதத்தை வைத்துச் சங்கிலி வளர்ச்சி, படி வளர்ச்சி என்று பிரிப்பார்கள். எனக்கு அதுவே நேர்மையான பிரிவினையாகத் தெரிகிறது, ஆனால் பள்ளித் தேர்வில் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள்.

இரண்டு பயிற்சி

கெவ்லார்: ஸ்டெஃபனி குவாலெக் 1965-ல் கண்டறிந்த இழை, குண்டு துளைக்காத உடைகளில் இருப்பது. சங்கிலியில் பென்சீன் வளையம், அமைடு, மீண்டும் வளையம், மீண்டும் அமைடு. அமைடை வெட்டினால் ஒரு துண்டு டெரிப்தாலிக் அமிலம், நிறை 166. மற்றது பாரா–பீனைலீன் டைஅமீன், நிறை 108. கூட்டி இரண்டு நீரைக் கழித்தால் அலகு 238.

பாலிலாக்டிக் அமிலம்: மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் என்று கடைகளில் வருவது, உண்மையில் உரமாக்கும் ஆலையின் சூட்டில்தான் வேகமாக மக்கும். எஸ்டரை வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி, லாக்டிக் அமிலம், நிறை 90. ஹைட்ராக்சிலும் கார்பாக்சிலும் ஒரே மூலக்கூறில் இருப்பதால் இன்னொரு மோனோமர் தேவையில்லை, மோல் விகிதத் தொல்லையும் இல்லை. ஓர் அலகுக்கு ஒரே நீர், 90-ல் 18 போக 72. ஆனால் கடைசித் துளி நீர் வரை வெளியேற்றுவது கடினம் என்பதால் தொழிற்சாலையில் இரண்டு லாக்டிக் அமிலத்தை லாக்டைடு என்ற வளையமாக்கி, நைலான் 6 போல அதைத் திறந்து சேர்க்கிறார்கள். லாக்டைடின் நிறை 144. அதில் இரண்டு அலகு, அலகுக்கு அதே 72.